புங்கமரத்துப் பக்கம்

தேசிகாச்சாரியார் நாற்பத்து மூன்று வயது வரைக்கும் ஒரு பந்தைக்கூடக் காலால் தொட்டதில்லை. இதிலென்ன அதிசயம், சின்னக் காஞ்சிபுரத்தில் அப்படிப்பட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்களே என்று கேட்பீர்கள். இருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவராவது தினம் சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்தின் மேற்கு ஓரத்தில், புங்கமரத்தடியில், குடையை ஊன்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றதுண்டா? இவர் நின்றார். பதினேழு வருஷமாக நின்றார்.

பள்ளிக்கூடம் பெரிய காஞ்சிபுரத்தில் இருந்தது. அங்கே அவர் கணக்கு வாத்தியார். பஞ்சகச்சம், மூடின கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் பளிச்சென்று திருமண். அந்தக் கோலத்தில் ஒரு மனிதர் பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், பையன்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று கண்காணிக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவரும் அப்படியே தோன்றட்டும் என்று விட்டுவிட்டார். உள்ளே இருந்தது வேறு. அது ஆசை. சுத்தமான, வெட்கங்கெட்ட ஆசை.

பத்து வயதில் ஒருநாள் சந்நிதித் தெரு முனையில் எங்கிருந்தோ ஒரு பந்து உருண்டு வந்து அவர் எதிரே நின்றது. உதைப்பதற்குக் காலைத் தூக்கிவிட்டார். பின்னாலிருந்து அப்பா, "டேய், அது தோல்டா!" என்று கத்தினார். தூக்கின கால் பின்னுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் காலம் எவ்வளவோ மாறிப் போயிற்று. அதே சந்நிதித் தெருப் பையன்கள் இப்போது வெயில் தாழப் பந்தை உதைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டால் சரியாகப் போயிற்று என்று இருக்கிறார்கள். அவர்களுக்குக் கால் கீழே இறங்கியாயிற்று. இவருக்கு முப்பத்து மூன்று வருஷமாக இறங்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக் கமிட்டி என்று ஒன்று உண்டு. ஹெட்மாஸ்டர், டிரில் மாஸ்டர் யேசுதாஸ், தேசிகாச்சாரியார் ஆக மூன்று பேர். யேசுதாஸ் ஆட்டம் சொல்லிக் கொடுப்பார். ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டுவார். எழுதுகிற வேலை, கையெழுத்துப் போடுகிற வேலை, அப்புறம் எல்லோரிடமும் பேச்சு வாங்குகிற வேலை, இவையெல்லாம் காரியதரிசியான தேசிகாச்சாரியாருக்கு.

பேச்சு வாங்குவதற்குக் காரணம் ஒரு விதி. அந்த விதியை எழுதினவரும் அவரே. நாலு வருஷத்துக்கு முன்னால் ஜில்லாக் கேடயத்துக்கான ஆட்டத்தில், ஐந்தாம் பாரம் மாணவன் என்று சொல்லி நம் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒருவன் இறங்கினான். முறுக்கின மீசை. தாமலில் மாட்டுத் தரகு செய்கிறவன். நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக் கூடாது. இடைவேளையில் அவனுடைய மூத்த மகன் ஓடிவந்து, "நைனா, இந்தா சோடா" என்று நீட்டினான். ஊரே சிரித்தது. கேடயமும் போயிற்று, மானமும் போயிற்று.

மறுவாரம் தேசிகாச்சாரியார் உட்கார்ந்து எழுதினார். கடைசியாக நடந்த பரீட்சையில் இங்கிலீஷ், தமிழ், கணக்கு மூன்றிலும் முப்பத்தைந்து மார்க்கு வாங்காதவன் பள்ளிக்கூடத்துக்காக ஆடக் கூடாது. ஆடுகிற பதினோரு பேரின் விடைத்தாளையும் காரியதரிசி தாமே பார்த்து, ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் தம் கையால் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தின் பேரில் ஒரு சொல் கிடையாது.

இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, தை மாசம். நாலு வருஷத்துக்கப்புறம் மறுபடி கேடயத்துக்கான கடைசி ஆட்டம் வரைக்கும் வந்தாயிற்று. ஆட்டம் நம்முடைய மைதானத்திலேயே, சனிக்கிழமை. எதிரே செங்கற்பட்டுப் பையன்கள். இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தவன் ஒருவன்தான், வீரபாகு.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் கைலாச முதலியாருடைய மகன். பத்தொன்பது வயது. அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசற்படி மிதித்த முதல் ஆள் அவன். தறியில் மிதித்து மிதித்தோ என்னவோ, அவன் காலுக்கு ஒரு கணக்கு இருந்தது. பந்து எப்போது வரும், எங்கே வரும் என்று அவன் காலுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பேருக்கு அவன் நடு ஆட்டக்காரன். ஆனால் பந்து கிடைத்ததும் மேற்கு ஓரத்துக்குப் போய்விடுவான். புங்கமரத்தை ஒட்டியே ஓடுவான். யேசுதாஸ் தொண்டை கிழியக் கத்தியும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

தேசிகாச்சாரியாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவன் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழுகிற தூரம். சில சமயம் பந்து கோட்டைத் தாண்டி நேரே அவரைப் பார்த்து வரும். வரும்போதெல்லாம் அவன் ஓடிவந்து, அவர் காலுக்கு ஒரு முழம் இருக்கும்போது கட்டை விரலால் அதை நிறுத்திவிடுவான். "மன்னிச்சிக்குங்க சார்" என்று ஒரு சிரிப்பு. பந்து திரும்பிப் போய்விடும். ஒரே ஒரு தடவை இவன் நிறுத்தாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஆச்சாரியார் நினைப்பார். நினைத்ததற்காகத் தம்மையே கடிந்துகொள்வார். மறுநாளும் அங்கேயே போய் நிற்பார்.

மார்கழிப் பரீட்சையில் வீரபாகு கணக்கில் வாங்கினது முப்பத்து மூன்று.

திருத்தினவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர்கள் அறையில் பகல் இடைவேளையில் யேசுதாஸ் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐயங்கார் சார், ரெண்டே ரெண்டு மார்க்கு. ஊரே அவன நம்பிக்கினு இருக்குது."

"மார்க்கு என் ஆத்துச் சொத்தா, யேசுதாஸ்? எடுத்துக் குடுக்க?"

"ஹெட்மாஸ்டர் சரின்னுட்டாரு சார். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்னுட்டாரு. சாமி வரங்குடுத்தாலும் பூசாரி எடங்குடுக்க மாட்டாருன்னு சும்மாவா சொன்னாங்க?"

"இன்னிக்கு ரெண்டு. நாளைக்கு மறுபடி தாமல்லேருந்து மாட்டுத் தரகன் வருவான். வேணுமா?"

யேசுதாஸ் எழுந்து போய்விட்டார். ஆனால் ஆச்சாரியார் அந்த விடைத்தாளை மட்டும் மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். புதன்கிழமை காலையில் அனுஷ்டானமெல்லாம் முடித்துவிட்டு, கூடத்து வெளிச்சத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டார். தொலைந்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி வரிவரியாகத் தேடினார். எங்கேயாவது ரெண்டு மார்க்கு தவறிப்போய் ஒளிந்துகொண்டிருக்காதா? இல்லை. தப்பெல்லாம் தப்புத்தான். ஒன்றே ஒன்று மட்டும் கண்ணை உறுத்தியது.

ஐந்தாவது கேள்வி. எட்டுப் பேர் பதினைந்து நாளில் முடிக்கிற வேலை. ஐந்து நாள் கழித்து மூன்று பேர் நின்றுவிட்டால், மீதி வேலையை மற்ற ஐந்து பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? வீரபாகு, 'பதினாறு நாள்' என்று எழுதியிருந்தான். சரியான விடை. ஆனால் அதற்கு மேலும் கீழும் ஒரு எழுத்துக் கிடையாது. விடை எப்படி வந்தது என்கிற வழி இல்லை. ஐந்து மார்க்குக் கேள்விக்குச் சிவப்புப் பென்சிலால் பூஜ்யம் போட்டிருந்தார்.

வழி எழுதாத விடை வேலி போடாத வயல் என்று அவர் வகுப்பில் சொல்வது வழக்கம். எவன் வந்து மேய்ந்தான் என்று தெரியாது. பரீட்சையில் வீரபாகுவுக்கு முன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவன் வகுப்பிலேயே முதல் மார்க்கு வாங்குகிற பையன். எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம். கூப்பிட்டு, எப்படிடா வந்தது என்று கேட்டால் தீர்ந்தது. ஒரு நிமிஷத்து வேலை.

அதைத்தான் அவருடைய சம்சாரம் வத்ஸலாவும் சொன்னாள். அடுப்பை விட்டுத் தளிகை உள்ளிலிருந்து எட்டிப் பார்த்து, "காலம்பறலேருந்து அந்த ஒரு காகிதத்தையே பாத்துண்டிருக்கேளே, என்ன அதுல?" என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"பையனைக் கூப்பிட்டுக் கேட்டுட்டாப் போறது. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கேக்கலாம். கேட்டா, அவன் எதைச் சொன்னாலும் நான் சரின்னுடுவேன், வத்ஸலா. சொல்லலைன்னாலும் நானே எடுத்துக் குடுப்பேன். எனக்கு என்னைத் தெரியும்."

"ஏன் அப்படி?"

"அவன் ஆடணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு."

வத்ஸலா கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தாள். பதினெட்டு வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவர் வாயால் ஆசை என்ற சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஏன்னா, உங்களுக்குப் பிடிச்சிருந்தா அது தப்பாத்தான் இருக்கணுமா?" என்று கேட்டாள்.

அவர் விடைத்தாளை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்குப் பட்டியல் எழுதினார். பத்துப் பேர். பதினோராவது இடத்தைக் காலியாக விட்டு, எந்தப் பையனைப் போடுகிறதென்று யேசுதாஸ் சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார். யேசுதாஸ் அதைப் பலகையில் ஒட்டினார்.

மணி அடித்ததும் வீரபாகு வந்து பலகையைப் பார்த்தான். மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம். தாழ்வாரத்தில் ஆச்சாரியார் நின்றதைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். கேட்பான் என்று அவர் எதிர்பார்த்தார். ஒரு வார்த்தை, ஏன் சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கோட்டுப் பையிலிருந்து விடைத்தாளை எடுத்திருப்பார். அவன் கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை.

சனிக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. முசரவாக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தேசிகாச்சாரியார் தம்முடைய புங்கமரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஊதல் ஊதினதும் எண்ணிப் பார்த்தார். நம் பக்கம் பத்துப் பேர்தான் இருந்தார்கள். நடுவில் வீரபாகு நிற்கிற இடம் காலி.

கோட்டோரமாக வந்த யேசுதாஸைக் கூப்பிட்டார். "என்ன இது? மாத்துக்கு ஆள் போடலையா?"

"போடப் பாத்தேன் சார். பசங்க ஒத்துக்கல. அந்த எடத்துல வேற ஆளு நின்னா நாங்க எறங்க மாட்டோம்ங்கறானுங்க."

"என்ன அடம் இது?"

"அடம் இல்ல சார், பிள்ளையார்பாளையத்து வழக்கம். தறிக்காரரு யாராச்சும் பாதியில நின்னுட்டா, உடம்பு சரியில்லயோ, வீட்டுல சாவோ, அவரு தறியில வேற ஆள உக்கார வைக்க மாட்டாங்களாம். அவரு வர்ற வரைக்கும் அது அவரு எடமாம். அவரு நெய்ய வேண்டியத மத்தத் தறிக்காரங்க ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டுக்கினு நெய்து முடிச்சுடுவாங்களாம். நம்ம டீம்ல பாதிப் பசங்க அந்தத் தெருவுதானே சார்? மத்தவனுங்களும் சேந்துக்கினானுங்க. கேப்டன் முரளீதரன் உங்க தெருவுப் பையன். அவனே சொல்றான், வீரபாகு பங்க நாங்க ஆளுக்குக் கொஞ்சம் ஓடிடறோம்ன்றான்."

ஓடினார்கள். பாவம், பத்துப் பேர் பதினோரு பேருடைய ஓட்டத்தை ஓடினார்கள். வலப்பக்கத்துப் பையன் இடப்பக்கம் வந்தான், பின்னால் நிற்கிறவன் முன்னால் வந்து மூச்சு வாங்கினான். செங்கற்பட்டுக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். ஆச்சாரியார் கண் பந்தின் மேல் இல்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றவனுடைய பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள்.

நின்றவனுடைய பங்கை.

அவர் மனசு தானாகவே கணக்கில் இறங்கியது. எட்டுத் தறி, பதினைந்து நாள். ஐந்து நாள் கழித்து மூன்று தறி நின்றுவிட்டது. நிற்காமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் இன்னும் பத்து நாள் வேலை. நின்ற மூன்று தறியின் பத்து நாள், மொத்தம் முப்பது நாள் வேலை. அதை ஐந்து தறிக்குப் பங்கு போட்டால் தறிக்கு ஆறு நாள். தன் பத்தும், பங்குக்கு வந்த ஆறும் பதினாறு.

புஸ்தகத்தில் இருக்கிற வழி நாலு வரி. இது ஒரே மூச்சு. அவன் தெருவில் பிறந்தவனுக்கு இதற்கு வழி எழுத என்ன இருக்கிறது? பசித்தால் சாப்பிடுவது எப்படி என்று யாராவது படி போட்டு எழுதுவார்களா? இருபது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர் புங்கமரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். மார்க்கு அவன் விடைத்தாளில்தான் இருந்தது. இவர்தான் அதைத் தொடப் பயந்தார்.

இடைவேளைக்கு ஊதினதும் யேசுதாஸிடம் ஓடினார். "பட்டியல் எங்கே? பதினோராவது பேர் இப்ப எழுதினா செல்லுமா?"

"எடம் காலியாத்தானே இருக்குது. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா ரெண்டாவது பாதிக்கு எறக்கலாம். ரெண்டு பக்கமும் ஒத்துக்கினதுதான். ஆனா ஆளு?"

அவர் முழங்கால் மேலேயே காகிதத்தை வைத்து வீரபாகுவின் பேரை எழுதினார். அவசரத்தில் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. "ஆளை நான் அழைச்சுண்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்பார்களே, அதுதான். ஆனாலும் ஓடினார். பஞ்சகச்சத்தோடு, தலைப்பாகை சரியச் சரிய, பிள்ளையார்பாளையத்து முதல் தெருவில் ஒரு ஐயங்கார் ஓடுகிறதை அந்தத் தெரு அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்க்கவில்லை.

மைதானத்துக்கும் கைலாச முதலியார் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. வாசலில் மாக்கோலம் போட்டு மாவிலை கட்டியிருந்தது. உள்ளே கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் முதலியார். மற்றதில், இடுப்புவரை குழியில் இறங்கி, நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக வீரபாகு. அவனைப் பார்த்ததும் ஆச்சாரியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதலியார் நெய்வதை நிறுத்தி எழுந்து வந்தார். "வாங்க சாமி, வாங்க. இன்னாத்துக்கு இவ்ளோ வேர்த்துக் கொட்டுது?" என்று ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டார்.

"பையனை அனுப்புங்கோ. என் பேர்ல தப்பு. அவன் பாஸ்தான். பட்டியல்ல எழுதிட்டேன். இன்னும் பாதி ஆட்டம் இருக்கு."

வீரபாகுவின் கை நின்றது. அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

"இன்னிக்கு நாள் பாத்து அவன தனித் தறியில உக்கார வெச்சிருக்குது சாமி" என்றார் முதலியார். "மொதமொதல்ல உக்கார்றவன் வெளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அது எங்க மொறை. எழுந்துட்டா அந்தத் தறியில கடசி வரைக்கும் பாவு நூலு அறுந்துக்கினே இருக்கும்னுவாங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. நீங்க புதங்கெழமை வந்து இத சொல்லியிருந்தீங்கன்னா, ஒரு வார்த்த பேசாம அனுப்பியிருப்பேன். பள்ளிக்கூடத்துல புள்ளய தள்ளிட்டாங்கன்னு தெருவெல்லாம் பேச்சாப் போச்சு. தள்ளின எடத்துல எதுக்கு நிக்கணும்னு நான்தான் கூட்டிக்கினு வந்துட்டேன்."

முறை என்ற சொல் ஆச்சாரியாரைப் பிடித்து நிறுத்தியது. அதைத் தாண்டி வா என்று இன்னொருவருக்குச் சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதானே அவரும் பிழைத்து வந்தார். மணையில் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து விடைத்தாளை எடுத்துத் தறிப் பலகையோரமாக வைத்தார்.

"அஞ்சாவது கணக்கு" என்றார். "பதினாறு எப்படிடா வந்தது?"

"நின்ன தறி மூணு. அதோட பங்கு தறிக்கு ஆறு நாள். பத்தும் ஆறும் பதினாறு சார்" என்றான் வீரபாகு. மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிட்டான். "தப்பா சார்?"

"இல்லடா. சரி."

"சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார்."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீங்க பாக்காம போட்டிருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ஆச்சாரியார் சிவப்புப் பென்சிலை எடுத்துப் பூஜ்யத்தை அடித்து ஐந்து போட்டார். முப்பத்து மூன்றை அடித்து முப்பத்தெட்டு போட்டார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அதற்கப்புறம் எழுந்து போயிருக்கலாம். ஆட்டம் மறுபடி ஆரம்பித்திருக்கும், நடந்தால் கடைசிக் கால் மணியாவது பார்த்திருக்கலாம். அவருக்குப் போக மனசில்லை. ஒரு மாசமாகக் காத்திருந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, தறிக் குழிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

மைதானத்துக் கூச்சல் அங்கே நன்றாகக் கேட்டது. வீரபாகுவின் கால் மிதிகட்டையில் ஏறி இறங்கியது, காது வாசல் பக்கம் இருந்தது. திடீரென்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம்.

"நம்ம பசங்க சார்! மரத்தாண்டயிருந்து வருது. அந்தப் பக்கத்துலருந்து போட்டிருக்கானுங்க!" அவன் கண் பளபளத்தது. "முரளீதரனாத்தான் இருக்கும். எத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கேன், மேற்கால போடா, மேற்கால போடான்னு."

"நீ மட்டும் ஏண்டா எப்பவும் அந்தப் பக்கமே வருவே? யேசுதாஸ் அவ்வளவு திட்டியும்?"

வீரபாகு குறுக்கே நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். சொல்லலாமா என்கிற மாதிரி அப்பாவை ஒரு பார்வை பார்த்தான்.

"நீங்க அங்க நின்னுக்கினு இருப்பீங்க இல்ல சார்? வேற வாத்தியாருங்க யாரும் வந்து நிக்க மாட்டாங்க. யாரு எங்க நின்னு கத்தினாலும் எனக்குக் காதுல ஏறாது. நீங்க கத்தவே மாட்டீங்க, ஆனா நீங்க பாக்கறது எனக்குத் தெரியும். அதான், பந்து கெடச்சா அங்கதான் எடுத்துக்கினு வருவேன். அப்பறம் உங்க மேல பட்டுடுமோன்னு பயமா இருக்கும். தோலு ஆச்சே, பட்டா நீங்க முழுகணுமே, மார்கழிக் குளுருல எங்க போயி முழுகுவீங்கன்னு ஓடியாந்து நிறுத்திடுவேன். ஒரு நாளும் பட வுட்டதில்ல சார்."

பெருமையாகத்தான் சொன்னான். தேசிகாச்சாரியார் மடியில் கிடந்த தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முதலியாருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"பட்டிருக்கலாம்டா, வீரபாகு. ஒரே ஒரு தடவை பட்டிருக்கலாம். பதினேழு வருஷமா அதுக்குத்தான் நின்னுண்டிருந்தேன்."

வீரபாகுவின் கால் மிதிகட்டையிலேயே நின்றுபோயிற்று. அவர் அவனுடைய ஐந்து மார்க்கைத் தடுத்து வைத்திருந்தார். அவன் அவருடைய ஒரு பந்தைத் தடுத்து வைத்திருந்தான். இரண்டு பேரும் மரியாதைக்காகத்தான் செய்தார்கள். யாரை யார் நொந்துகொள்கிறது?

கடைசியில் இன்னொரு சத்தம் வந்தது. பெரியதில்லை. மரத்தடியிலிருந்தும் இல்லை, தூரத்திலிருந்து. அதற்கப்புறம் ஊதல். அதற்கப்புறம் சனங்கள் பேசிக்கொண்டே தெருவில் நடந்து போகிற சத்தம். கோல் யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெயித்திருந்தால் மேளம் இந்தத் தெரு வழியாகத்தான் வந்திருக்கும்.

முதலியாருடைய சம்சாரம் அங்கம்மாள் மாடத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டு, "எழுந்திருடா கண்ணு" என்றாள். வீரபாகு கையை ஊன்றிக் குழியிலிருந்து ஏறினான். கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நொண்டினான். அந்தக் காலைப் பார்க்க ஆச்சாரியாருக்கு மனசு தாங்கவில்லை.

"திங்கக்கிழமை வரயா?" என்று கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்துதான் இருந்தது.

"பாவு ஏறிடுச்சு சார்" என்றான் அவன். "முகூர்த்தப் பொடவ. இது முடிஞ்சா அடுத்தது ஏத்திடுவாரு." விடைத்தாளை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, கீழேயிருந்த எண்ணைப் பார்த்தான். "முப்பத்தெட்டு. பாஸு" என்று அப்பாவிடம் காட்டினான். முதலியார் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் தேசிகாச்சாரியார் மறுபடி புங்கமரத்தடிக்குப் போனார். சனிக்கிழமை விட்டுவிட்டுப் போன குடை மரத்தில் சாய்த்தபடியே இருந்தது. கேடயம் போனாலும் பந்து போகவில்லை, பையன்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். பந்து எல்லாம் கிழக்கு ஓரமாகவே போயிற்று. மேற்குப் பக்கம் கொண்டுவர ஆளில்லை. அரை மணிக்கு மேல் அப்படியே கழிந்தது.

அப்புறம் யாரோ உதைத்த ஒரு பந்து வழி தவறி அவரைப் பார்த்து உருண்டு வந்தது. கோட்டைத் தாண்டியது. ஒரு முழத் தூரத்துக்கு வந்தது. ஆச்சாரியாருடைய கண் தானாகவே மைதானத்துப் பக்கம் திரும்பியது. ஓடிவருகிற கால் ஒன்றும் இல்லை. பந்து நேரே வந்து அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே மெத்தென்று மோதி, காலடியிலேயே நின்றது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் தூக்கின கால்தான் அது.

அவர் உதைக்கவில்லை. பின்னுக்கும் போகவில்லை. யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் வத்ஸலா அவர் வேஷ்டியைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண் வட்டம். "ஐயையோ, என்னன்னா இது? எதுல பட்டுண்டு வந்தேள்?" என்றாள்.

"பந்து" என்றார் அவர். "தடுக்க ஆள் இல்லை, வத்ஸலா."

முழுக வெந்நீர் எடுத்து வைக்கட்டுமா என்று அவள் கேட்டாள். கொஞ்ச நேரம் போகட்டும் என்று சொல்லிவிட்டு, கறையோடு அப்படியே கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.